டியூட்டிக்குக் கட்டிய சோறு

எலுமிச்சைச் சோற்றை நன்றாக ஆறவைத்துத்தான் டிபன் பாக்ஸில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் வியர்த்துப்போய் மத்தியானத்துக்குள் நசநசவென்று ஆகிவிடும். நான் தட்டில் பரப்பி ஆறவிட்டுத்தான் மூடினேன். அதனால்தான் சாயங்காலம் காட்டில் என் வீட்டுக்காரர் பக்கத்தில் கிடந்ததை நீங்கள் எடுத்துத் திறந்தபோதும் கெடாமல் இருந்திருக்கிறது. வால்பாறையிலிருந்து இந்த முத்தாபுதுப்பேட்டை வரைக்கும் அந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். அவர் வெளியே போனபோது தூங்கிக்கொண்டிருந்தேன் என்று அன்றைக்குச் சொன்னேன். அப்படியானால் சோற்றைக் கட்டிக் கொடுத்தது யார் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். டீ ஆறிவிடும், குடியுங்கள் இன்ஸ்பெக்டர் மேடம். சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் ஹாஜா மொய்தீன் ஆவடி ஃபாக்டரியில் வெல்டர். காலையில் ஃபாக்டரி சங்கு ஊதினால் எங்கள் தெருவில் பாதி வீடு எழுந்திருக்கும். அவர் அதற்குள் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். நான் டிபன் பாக்ஸை நீட்டுவேன். வாங்கிக்கொண்டு, "போய்ட்டு வரேன் ஜீனத்" என்பார். ஆசை வார்த்தையெல்லாம் அவருக்கு வராது, அதிகம் பேசாத மனுஷன். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் நான் இத்தனை காலம் குடித்தனம் செய்தேன். அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

ரிட்டயர் ஆன பிறகு மறதி வந்தது. முதலில் சாவியை மறந்தார். அப்புறம் தெருவை மறந்தார். தொழ நின்றால் எத்தனை ரக்அத் ஆயிற்று என்று தெரியாமல் குழம்பினார். சங்கை மட்டும் மறக்கவில்லை. ஊதியதும் எழுந்து, கையில் கிடைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஃபாக்டரி கேட்டுக்கு நடந்துவிடுவார். டீக்கடை சம்பத் பாதி வழியில் பிடித்து உட்காரவைத்து, "அண்ணாத்தே, இன்னிக்கு லீவு விட்டுட்டாங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்புவார். அதெல்லாம் ஒரு சிரமமே இல்லை. அவருக்குச் சோறு ஊட்டினேன், குளிப்பாட்டினேன். அதற்காக நான் ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை.

பிறகு என்னை மறந்தார்.

மறந்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவர் மானமுள்ள மனுஷன். படுக்கப் போகும்போது தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்விடுவார். "அடுத்தவன் பொண்டாட்டி கீற ரூம்ல நான் எப்டிம்மா படுக்கறது? எங்க ஊட்டுக்காரி பூந்தமல்லிக்கு அவங்க அம்மா ஊட்டுக்குப் போயிருக்கா. வந்துகினே இருப்பா. பாத்தா தப்பா நெனச்சுக்குவா" என்பார். நான் சேலையைச் சரிசெய்தால் கண்ணை மூடிக்கொள்வார். வருவோர் போவோர் எல்லோரும் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, பூந்தமல்லியிலிருந்து வரப்போகிற அந்த ஜீனத் மேல் எனக்கு அப்படி ஒரு பொறாமை வரும். வயிறு எரியும் என்பார்களே, அதேதான்.

எங்கள் மகள் சஹர் கள்ளிக்குப்பத்தில் இருக்கிறாள். "அம்மா, கல்யாணமான புதுசுல அத்தாவும் நீயும் வால்பாறை போனீங்களே, அங்கயே போய்ட்டு வாங்க. பழைய எடத்தப் பாத்தா அவருக்கு எதுனா ஞாபகம் வரும். நீயும் கொஞ்சம் மூச்சு வுட்டுக்கோ" என்றாள். கார், ரூம் எல்லாம் அவள் ஏற்பாடு. வேறு எதுவும் அவளுக்குத் தெரியாது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஊர் அப்படியேதான் இருந்தது. தூறல், மூடுபனியாக இறங்கும் மஞ்சு, காலில் ஏறுகிற அட்டை, மரத்தில் உட்கார்ந்து நம்மையே வேடிக்கை பார்க்கிற குரங்கு. எங்கள் காட்டேஜுக்குப் பின்னால் தேயிலை, அதைத் தாண்டினால் காடு. காவலுக்கு இருந்த அப்பாவு பெட்டியை வைத்துவிட்டு, "விடியற வரைக்கும் பின்கதவைத் திறந்துறாதீங்கம்மா. டீ ஃபாக்டரி சங்கு ஊதற நேரத்துலதான் ஆனைங்க அந்த வழியா ஓடைக்கு எறங்கும்" என்றார். எந்த வழி என்று கேட்டேன். கை நீட்டிக் காட்டினார். நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

சாயங்காலம் மழை விட்டதும் வெளியே நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்து, தோளில் சால்வையைப் போர்த்தினேன். அவர் ரொம்ப மரியாதையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க நல்லா பாத்துக்கறீங்கம்மா. எங்க ஊட்டுக்காரி வந்ததும் சொல்றேன். உங்களுக்கு ஒரு நல்ல பொடவையா எடுத்துக் குடுக்கச் சொல்றேன்" என்றார். அப்போதுதான் முடிவு செய்தேன் என்று சொன்னால் உங்களுக்கும் என்மேல் இரக்கம் வரும். ஆனால் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. காக்கிச் சட்டையையும் ஷூவையும் பெட்டியின் அடியிலும், பழைய கேட் பாஸை என் கைப்பையிலும் முத்தாபுதுப்பேட்டையில் கிளம்பும் முன்பே எடுத்து வைத்துவிட்டேன்.

வால்பாறையில் சங்கு ஊதும் என்று எனக்குத் தெரியும். புதுக் கல்யாணத்தில் வந்திருந்தபோது அந்தச் சத்தத்துக்கு அவர் திடுக்கென்று எழுந்து உட்கார்ந்தார். லீவில் இருக்கிறோம் என்பது ஞாபகம் வந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி போர்வைக்குள் புகுந்துகொண்டார். அந்தச் சிரிப்பை நான் இத்தனை வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்தேன். அதோடு சேர்ந்து சங்கும் ஞாபகத்தில் இருந்தது.

மறுநாள் சங்கு ஊதுவதற்கு முன்பே எழுந்து, காட்டேஜ் அடுப்பில் சோறு ஆக்கினேன். சோறு இல்லாவிட்டால் நீங்கள் இங்கே வந்திருக்கவே மாட்டீர்கள். சட்டையை அவரே எடுத்துப் போட்டுக்கொண்டார் என்று சொன்னதை ஊரே நம்பிவிட்டது. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவரை வெறுங்கையோடு நான் டியூட்டிக்கு அனுப்பியதில்லை. அன்றைக்கும் கை கேட்கவில்லை.

சங்கு ஊதியது. எழுந்தார். பட்டனை நான்தான் போட்டுவிட்டேன். முன்பக்கம் அப்பாவு உட்கார்ந்திருந்தார், அதனால் பின்கதவைத் திறந்தேன். அவர் டப்பாவை வாங்கிக்கொண்டு, வழக்கமான அந்த ஒரு வரிகூடச் சொல்லாமல், மஞ்சுக்குள் இறங்கி நடந்தார். நான் அவரைக் காட்டுக்குள் பிடித்துத் தள்ளவில்லை. டியூட்டிக்கு அனுப்பினேன். பிறகு நடந்தது யானை செய்தது.

இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

தேயிலை வரைக்கும் போனவர் திரும்பி வந்து கதவைத் தட்டினார். திறந்தேன். "பாஸை மறந்துட்டேன் ஜீனத். கேட்ல வுடமாட்டான்" என்றார். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். நான் அசையாமல் நின்றேன். "இன்னா முழிச்சிகினு நிக்கற? குளுருதுல்ல, உள்ள போ. சாயங்காலம் சீக்கிரம் வந்துர்றேன்" என்றார். அவர் கண்ணில் அந்தப் பழைய சிரிப்பு இருந்தது.

பாஸ் என் கைப்பையில் இருந்தது. எடுத்து அவர் கழுத்தில் மாட்டினேன். காலரைச் சரிசெய்தேன்.

"போய்ட்டு வரேன் ஜீனத்" என்றார்.

"பாத்துப் போங்க" என்றேன். கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

காரணம் வேண்டும் என்கிறீர்கள். காரணம் ரொம்பச் சாதாரணமானது மேடம். கதவைத் தட்டிய அந்த ஒரு தடவை போக, அவருக்கு நான் யாரென்றே தெரியவில்லை. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.