விசில் அடிக்கும்வரை

“பிள்ளை, குறை நினையாதை. வீட்டில ஆரும் அடிக்கினமோ?”

சென்ட் லோரன்ட் போகும் பஸ்ஸில், கடைப் பையை மடியில் வைத்திருந்த ஒரு அம்மா பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் கேட்டார். அந்தப் பெண்ணின் முழங்கை கன்றிப்போய் இருந்தது. காற்சட்டையில் புல்லும் சேறும்.

“இல்லை அன்ரி. வீட்டில நான் மட்டும்தான். இது ஒஸ்ரேலியன் ஃபுட்போல். சீசன் துவங்க முன்னம் பொம்பிளையளுக்கு ஒரு பயிற்சி மேட்ச் வைச்சவை.”

“பந்து பட்டதோ?”

“பந்தோட ஓடுற ஆளை மற்ற ரீம் ஆக்கள் பிடிச்சு விழுத்தலாம்.”

“தலை அடிபட்டால்?”

“அதுக்குத்தான் பழக்கினவை. கழுத்தில பிடிக்கக்கூடாது, தூக்கி எறியக்கூடாது. ரெண்டு கையாலும் இடுப்பைக் கட்டிப்பிடிச்சு மெல்ல நிலத்தில விடோணும். இண்டைக்கு ஒருத்தி என்னை அப்பிடித்தான் விழுத்தினவள். விசில் அடிக்கும்வரை விடேல்லை.”

“நல்லா நொந்ததோ?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“இந்த ஊருக்கு வந்த பிறகு என்னை ஒரு ஆள் கட்டிப்பிடிச்சது இண்டைக்குத்தான் அன்ரி.”

அந்த அம்மா பையின் காதை இழுத்து இழுத்து முடிச்சுப் போட்டார்.

“ஆர் பிள்ளை அவள்?”

“தெரியாது. எழும்பி பந்துக்குப் பின்னால ஓடிட்டாள்.”