ஒலிவ் பிண்ணாக்கு

— …அப்ப கேளும் செலின், அந்தக் கப்பல் எஸ்பியர் துறைமுகத்துக்குள்ள வருது. எவ்வளவு பெரிய கப்பல் எண்டு நினைக்கிறீர்? எங்கட மடுக்கோயிலைக் கோபுரத்தோட தூக்கி உள்ளுக்கு வைச்சாலும் ஒரு மூலையில கிடக்கும். அதுக்குள்ள முழுக்க முழுக்க ஒலிவ் பிண்ணாக்கு!

— நான் கப்பலைக் கேக்கேல்லை. ஸ்ரிபன் சுவாமிக்குப் போன் எடுத்தனீங்களோ எண்டு கேட்டனான்.

— எடுப்பம், எடுப்பம். கதை நடுக்கடலில நிக்குது.

— சுவாமி நாலு மணிக்குக் கிரின்ஸ்டெட்டில இருந்து வெளிக்கிட்டிடுவார். நாளைக்கு லூர்து மாதா கோயிலுக்கு யாத்திரை போறார். வர பத்து நாளாகும். அந்தப் பத்து நாள் என்ர கையில இருக்கோ எண்டு எனக்குத் தெரியாது.

— ஆர் சொன்னது? அந்த நேர்ஸ் பெட்டையோ? அவளுக்குப் பத்து மட்டும் எண்ணத் தெரியுமோ எண்டு முதல் கேளும்.

— ஒருத்தரும் சொல்லேல்லை. உடம்பு சொல்லுது. மணி மூண்டு, யேசுரட்ணம்.

— பேர் சொல்லிக் கூப்பிட்டாச்சு! நாப்பத்தொரு வருசத்தில இதோட ரெண்டாந்தரம். முதல் தரம் நான் காரைக் கொண்டுபோய் ஆற்றுக்குள்ள விட்ட அண்டைக்கு.

— அது ஆறில்லை, வாய்க்கால். முழங்காலளவு தண்ணி.

— சரி, இதைக் குடியும். ஒரு மிடறு. குளிருதோ? ரேடியேற்றரைக் கூட்டி விடட்டோ? இந்தா, கையை வைச்சுப் பாரும். இந்தச் சூடு எங்கயிருந்து வருது? ஸ்பெயினில ஒருத்தன் பழத்தைப் பிழிஞ்சு எண்ணெய் எடுத்தான். பிறகு மிஞ்சின சக்கையைக் காயவைச்சு, அதிலயும் இன்னொருக்கா எண்ணெய் எடுத்தான். பிறகும் மிஞ்சின பிண்ணாக்கை எங்கட வாமவேர்க் சூளைக்கு அனுப்பினான். நாங்கள் அதை எரிச்சுத் தண்ணி கொதிக்கவைச்சுக் குழாய்வழிய ஐயாயிரம் வீட்டுக்கு…

— ஆயிரத்து இருநூறு வீடு.

— அது ஆக்கள் இருக்கிற வீடு. கோழிக்கூட்டையும் சேர்த்துச் சொல்லுறன்.

— ஆருக்குச் சொல்லுறியள்? இருபத்திரண்டு வருசம் உங்கட வேலையுடுப்புத் தோய்ச்சவள் நான். ஊறுகாய்ப் போத்தலை நெருப்புக்குள்ள போட்ட மாதிரி மணக்கும். பென்சன் எடுத்தும் மணம் போகேல்லை. இப்பவும் நாள் தவறாமல் அங்கதானே போய் நிக்கிறியள்.

— நான் போகாட்டி ஆர் போறது? புதுப் பெடியள் கொம்பியூட்டரைப் பாத்துக்கொண்டு இருக்கிறாங்கள். சூளைக்குள்ள சாம்பல் உருகிக் கண்ணாடிப் பாறையாக் கட்டி நிக்கும். இடிச்சு விழுத்த அலவாங்கும் கையுமா நான் உள்ளுக்குப் போனனெண்டா, என்ர உயரத்துக்கு இரண்டு மடங்கு பாறை…

— போன கிழமை கதவளவு எண்டனீங்கள்.

— அது வளர்ந்திட்டுது.

— சிரிக்க வைக்காதேங்கோ. சிரிச்சா நோகுது.

— மோர்பின் தரட்டோ? நேர்ஸ் எழுதி வைச்சிட்டுப் போனவள்.

— வேண்டாம். அதைக் குடிச்சா நித்திரையாப் போயிடுவன். மூண்டு பத்தாச்சு. ஏன் சுவாமியைக் கூப்பிடப் பயப்பிடுறியள்?

— பயமோ? எனக்கோ? இஞ்ச பாரும், அவஸ்தைப் பூசுதல் எண்டால் முடிஞ்சுது கதை. எங்கட இன்னாசித்தம்பிப் பெரியப்பாவுக்கு என்ன நடந்தது? சுவாமி வந்து எண்ணெய் பூசி, குப்பிக்கு மூடி போட முந்தி ஆள் போயிட்டார். மூடியைச் சுவாமி மற்றக் கையிலதான் வைச்சிருந்தவர்.

— பெரியப்பாவுக்குத் தொண்ணூற்றிரண்டு வயசு. மூண்டு நாளாச் சேடம் இழுத்தது. உங்கட ஆக்கள் எல்லாரும் உங்களை மாதிரித்தான். பயத்தில கடைசி நிமிசம் மட்டும் சுவாமியை வாசலுக்கே விடேல்லை. பிறகு எண்ணெயில பழி.

— அதைத்தான் நானும் சொல்லுறன். சாகிற ஆளுக்குத்தான் கூப்பிடுறது. நீர் சாகேல்லை. நேற்றுக்கூட ரெண்டு கோப்பை…

— ஒரு கரண்டி. ஒரு கரண்டி கஞ்சி குடிச்சனான். அதிலயும் பாதி துவாயில. நீங்கள் விபோர்க்கில இருக்கிற மகள் ஷரோனுக்குப் போன் எடுத்து, அம்மா ரெண்டு கோப்பை சோறு சாப்பிட்டவ, வளவைச் சுத்தி நடந்தவ எண்டு சொன்னதை நான் படுத்திருந்து கேட்டனான். பாவம் பிள்ளை, அதை நம்பி இந்தச் சனிக்கிழமையும் வரேல்லை.

— ஒரு கோப்பை எண்டா நம்பமாட்டாள் எண்டுதான் ரெண்டாக்கினன்.

— அவளுக்கு முப்பத்தாறு வயசு. உண்மையைத் தாங்குவாள். தாங்காத ஆள் அவளில்லை.

— டொக்டர் இன்னொரு மருந்து இருக்கெண்டவர் செலின். புதுசாம்.

— இருக்கெண்டும் சொன்னவர், இந்த உடம்புக்கு அது வேண்டாமெண்டும் சொன்னவர். ரெண்டாவதை நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

— நான் ஸ்பெயினுக்குப் போகேக்க என்ர கண்ணால கண்டனான். அந்த எண்ணெய் ஆலையில ஒண்டையும் எறியமாட்டாங்கள். பிழிஞ்ச பழத்தின்ர கொட்டையை எரிச்சுத்தான் அடுத்த பழம் பிழியத் தண்ணி சுட வைப்பாங்கள். மிஞ்சின சாம்பல் மரத்தடிக்கு. முடிஞ்சுது எண்டு அங்க ஒண்டுமே இல்லை. ரெண்டுதரம் பிழிஞ்சாப் பிறகும் உள்ளுக்குச் சூடு இருக்கு. உமக்கும் இருக்கு. அதைத்தான் நான்…

— என்னை நாலுதரம் பிழிஞ்சாச்சு அப்பா. முதல் மருந்து, ரெண்டாவது, அந்தக் கதிர், பிறகு திரும்பவும் மருந்து. தலைமயிர் போச்சு, நாக்கில ருசி போச்சு. இனிக் கொட்டையையும் அடுப்பில போடவோ போறியள்?

— ரேடியேற்றர் கூடிப்போச்சு போல. குறைச்சு விடுறன்.

— இஞ்சால திரும்புங்கோ. ஏன் கண்ணைத் துடைக்கிறியள்?

— தூசு. கண்ணுக்குள்ள.

— நான் கோவத்தில சொல்லேல்லை. இஞ்ச வந்து கிட்ட இருங்கோ. எவ்வளவு காலம் அந்தப் பிண்ணாக்கோட மாரடிச்சனீங்கள்? எண்ணெயை அவன் வைச்சுக்கொண்டு சக்கையை எங்களுக்கு அனுப்பிறான் எண்டு நீங்கள்தானே சொல்லிச் சொல்லிச் சிரிப்பியள். சுவாமி கொண்டுவாறது எண்ணெய். சொட்டெண்டாலும் அது எண்ணெய். அதுக்கேன் பயம்?

— நான் கூப்பிட்டா, நானே கூப்பிட்டு விட்ட மாதிரி இருக்கும் செலின். உம்மைக் கொண்டுபோகச் சொல்லி.

— ஓம், தெரியும். அதாலதான் உங்களைக் கேக்கிறன். மூண்டு நாப்பது. எடுங்கோ போனை.

— என்ன சொல்ல?

— உள்ளதைச் சொல்லுங்கோ. பெருப்பிக்காமல்.

— அடிக்குது… ஹலோ, சுவாமி! யேசுரட்ணம் கதைக்கிறன். ஓம், ஓம், நல்ல சுகம். குளிரோ? கேக்காதேங்கோ. எங்கட ஒழுங்கையில நேற்று ஒரு நாய் நிண்ட நிலையிலயே உறைஞ்சு…

— இஞ்சேருங்கோ.

— இல்லை, சுவாமி. நாய் உறையேல்லை. சுகமும் இல்லை. செலின்… செலின் போகப்போறா, சுவாமி. மருந்தெல்லாம் முடிஞ்சுது. ஒரு கரண்டி கஞ்சிதான் குடிக்கிறா. நான் இரவிரவாப் பக்கத்தில இருந்து மூச்சை எண்ணிக்கொண்டு இருக்கிறன். ஒண்டுக்கும் மற்றதுக்கும் இடையில நேரம் கூடிக்கொண்டு போகுது. நீங்கள் வந்து பூசிவிடுங்கோ, சுவாமி. நான்தான் கேக்கிறன்… என்ன? விளங்கேல்லை சுவாமி… எப்ப?... போன கிழமை வெள்ளியோ?... பாவசங்கீர்த்தனமும் கேட்டு, நற்கருணை நன்மையும் குடுத்தோ?... கொஞ்சம் பொறுங்கோ சுவாமி. செலின், உமக்குப் பூசி எட்டு நாளாமே! நான் வாமவேர்க்கில நிண்ட நேரம் நேர்ஸ்தான் கதவு திறந்து விட்டவளாம். அப்ப ஏன் என்னைப் போட்டு இந்தப் பாடு படுத்தினனீர்?

— போனை வைச்சிடாதேங்கோ, வரச்சொல்லுங்கோ. சுவாமி எனக்கில்லை, உங்களுக்கு. நான் போற நேரம் உங்களைப் பிடிச்சுக்கொள்ள இந்த வீட்டில ஒருத்தரும் இல்லை.