கறவை மாடு இருந்தால்தான் மெம்பர்

வேங்கிக்காலில் கிளம்பிய டவுன் பஸ்ஸில் என் முன்சீட்டில் இருவர். ஒருவர் ஏதோ நகர் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். சங்கத் தலைவரை நீக்க வழி கேட்டு வக்கீலைப் பார்த்துவிட்டு வருகிறார். பக்கத்தில் இருந்தவர் பொருளாளர்.

"நம்ம பைலாப்படி, கறவை மாடு வெச்சிருக்கிறவங்கதான் மெம்பராம்," என்றார் செயலாளர்.

"இன்னாங்க சொல்றீங்க? நம்மளுது வீட்டுக்காரங்க சங்கமாச்சே!"

"பதிவு பண்ற அவசரத்துல பால் சொசைட்டி பைலாவ ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தது யாருங்க?"

"சங்கத்துப் பேரை மாத்திட்டுத்தானே குடுத்தேன்!"

"ஆமாமா, ரொம்ப கஷ்டப்பட்டுட்டீங்க."

"சரி, கூட்டம் போட்டு ஓட்டெடுத்துடலாங்க."

"மெம்பருங்கதான் ஓட்டுப் போடணுமாம். உங்க வீட்ல மாடு இருக்குதா?"

"நாய்தாங்க இருக்குது. நம்ம நகர்ல எவன் மாடு வெச்சிருக்கான்?"

"எவரு மாடு தெனமும் உங்க வாசல்ல சாணி போடுதுன்னு அவரை நீக்கணும்னீங்களோ, அந்தத் தலைவருதான். மொத்தத்துக்கும் அவரு ஒருத்தர்தான் மெம்பர்."

பொருளாளரின் குரல் இறங்கியது.

"அப்ப நம்மள நீக்கிடுவாராங்க?"

"எப்படிங்க நீக்குவாரு? நாமதான் இன்னும் சேரவே இல்லையே."