அன்னைக்குக் காலைல வாசிச்சது

அந்தப் பைய இப்படி வைங்க தம்பி. பிரிக்க வேண்டாம். லிப்ட் ரிப்பேர் பண்றவர் பையில ஸ்பேனரும் டார்ச்சும்தானே இருக்கும், எனக்குத் தெரியாததா. உக்காருங்க. அட, ஸ்டூல் எதுக்கு, நாற்காலியில உக்காருங்க. என் புருஷன் உக்காருற நாற்காலிதான், அதனால என்ன. நாற்காலிக்குத் தெரியவா போகுது.

காபி போடவா? சரி, வேண்டாம்னா விடுங்க.

எதப் பாக்குறீங்க, அதுவா? பைபிள்தான். மூடித்தான் கிடக்கு. அடக்கம் முடிஞ்ச அன்னையிலேருந்து நான் தொடல. சபையிலேருந்து வர்றவங்க எல்லாம் வாசிம்மா, ஆறுதல் கிடைக்கும்ங்கிறாங்க. அவங்களுக்கு என்ன, சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. எங்க வீட்டுல வாசிக்கிறது வேற மாதிரி. கூட வேலை பாத்தாலும் உங்க அண்ணன் உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டார்.

காலைல அந்த வாசப்படியில உக்காந்து பூட்ஸ் மாட்டுவார். நான் பக்கத்துல நின்னு பைபிள்ல நீதிமொழிகள் பகுதிய வாசிப்பேன். ஒரு வரி, மிஞ்சினா ரெண்டு வரி. அதுக்கு மேல போனா, என்னடி இப்படி ஓடுற, நீயா பஸ்ஸப் புடிக்கப் போறன்னு கேப்பார். வாசிச்சா மட்டும் போதாது. இது இன்னைக்கு நமக்கு எதுக்குன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லணும். சொன்னத அன்னைக்கே செஞ்சும் பாக்கணும். பதில் கிடைக்கிற வரைக்கும் அடுத்த கால்ல பூட்ஸ் ஏறாது. எத்தனை நாள் வேலைக்கு லேட்டா வந்திருப்பார், டிராபிக்னு சொல்லியிருப்பார். டிராபிக் இல்ல தம்பி, நீதிமொழிகள்.

சிரிப்பு வருதுன்னா சிரிங்க. நானும் சிரிச்சவதான்.

ஒரு தடவை பாருங்க, மூடனுக்குப் பதில் பேசாதன்னு ஒரு வரி. அதுக்கு அடுத்த வரியே, பேசு, இல்லன்னா அவன் தன்னப் பெரிய அறிவாளின்னு நெனச்சுக்குவான்னு இருக்கு. என்னங்க இது, இந்தக் கையால குடுத்து அந்தக் கையால புடுங்குதேன்னேன். ஒத்தக் கால் பூட்ஸோட யோசிக்கிறார், யோசிக்கிறார். அப்புறம் சொல்றார், துணி காயப் போடுற மாதிரிதான்டி, வெளிய போடுறதா உள்ள போடுறதான்னு வானத்தப் பாத்துத்தான் முடிவு பண்ணணும்னு. சரின்னு, அன்னைக்கு வீட்டுக்காரம்மா தண்ணி மோட்டார நான்தான் கெடுத்தேன்னு கத்துனப்ப வாயத் திறக்காம நின்னேன். அந்தம்மா என்ன பண்ணுச்சு? பாருங்க, உண்மையச் சொன்னதும் வாயடச்சுப் போச்சுன்னு தெருவுக்கே சொல்லிடுச்சு. சாயங்காலம் அவர்கிட்ட அழுதேன். விழுந்து விழுந்து சிரிச்சார் மனுஷன். நீ வானத்தப் பாக்கலடின்னார். மறுநாள் அவரே போயி அந்த மோட்டாரக் கழட்டி மாட்டிக் குடுத்துட்டு வந்தார்.

இப்பல்லாம் எழுந்திரிச்சா என்ன பண்றதுன்னே தெரியல தம்பி.

ம், அவர் போன அன்னைக்கும் வாசிச்சோம். அவருக்கு அன்னைக்கு லீவு, பூட்ஸ் இல்லாம வெறுங்கால நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தார். கையில வச்சுக்கிட்டே அடுத்தவன்கிட்ட, போயிட்டு நாளைக்கு வான்னு சொல்லாத. அதுதான் வரி. பக்கத்து வீட்டு ஏணியத் திருப்பிக் குடுத்துடுறேன்னு நான் சொல்லிட்டேன். அவர் என்ன சொல்லலாம்னு தாடையச் சொறிஞ்சுக்கிட்டிருந்தார். அப்பத்தான் உங்க போன்.

பாப்பாவுக்குக் காய்ச்சல், இன்னைக்கு என் டூட்டிய நீங்க பாருங்கண்ணேன்னு சொன்னீங்க. எனக்கும் கேட்டுச்சு. போன வச்சுட்டு, பாத்தியா, பாடம் முடியல, அதுக்குள்ள பரீட்சைன்னு எழுந்தார். என் கையில இருக்குறது இந்த ஒரு லீவு நாள்தானேன்னார். சிரிச்சுக்கிட்டேதான் போனார். அப்புறம் நடந்ததுதான் உங்களுக்கே தெரியுமே. மேல நிறுத்தி வச்ச லிப்ட் இறங்கிடுச்சு. கீழ குழியில அவர்.

அழாதீங்க தம்பி. உங்களக் குத்தம் சொல்லவா உக்கார வச்சேன்? லிப்ட இறக்கினது நீங்களா? எனக்குக் கோவம் அந்தப் புக்கு மேல. ஊர்ல எல்லாரும் வாசிக்கிறாங்க, வீட்டுக்குப் பத்திரமா வர்றாங்க. வாசிச்ச மாதிரியே நடந்த என் புருஷன்தான் வரல. அத எந்த வரி சொல்லும்?

ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவர் எதுக்காகப் போனார்னு தெரியாம என்னால அந்தப் புக்கத் திறக்க முடியாது.

இல்ல, பாப்பாவுக்காகன்னு திரும்பவும் சொல்லாதீங்க. நான் வேலை பாக்குற பள்ளிக்கூடத்துலதானே அவ படிக்கிறா. மத்தியானம் சின்னப் பிள்ளைங்களச் சாப்பிட வைக்கிறது என் வேலை. அன்னைக்கு அவ டப்பா மூடியத் தொறந்து குடுத்துட்டு, காய்ச்சல்னாங்களே, இவ இங்க என்ன பண்றான்னு நெத்தியத் தொட்டுப் பாத்தேன். ஜில்லுன்னு இருந்துச்சு. அந்தக் கைய எடுக்குறதுக்குள்ள, அக்கா, உங்க வீட்டுக்காரர் கம்பெனியிலேருந்து போன் வந்திருக்குன்னு ஆபீஸ்லேருந்து ஓடி வந்தாங்க.

பயப்படாதீங்க. இத யார்கிட்டயும் சொல்லல. பாப்பாகிட்டயும் ஒரு வார்த்தை கேக்கல. அன்னைக்கு எங்க போனீங்க? உருப்படியான காரியமா இருந்தா மனசத் தேத்திக்குவேன். இல்லன்னாலும் சொல்லிடுங்க.

ம்.

தூங்குனீங்களா. வீட்டுலயேவா.

அவ்வளவு அசதி, என்ன.

சரி, மூஞ்சியத் தொடச்சுக்குங்க. அவரும் அன்னைக்கு நல்லாத் தூங்கணும்னுதான் தம்பி சொல்லிக்கிட்டிருந்தார்.