கோணல் வீட்டுக்கு ஒரு நாற்காலி

...நிமிராதீங்க தம்பி, உத்தரம் இடிக்கும்னு சொல்ல வந்தேன்... இடிச்சிருச்சா? பரவால்ல, உத்தரத்துக்கு ஒண்ணும் ஆகாது. நானூறு வருஷமா எத்தனையோ மண்டையப் பாத்த மரம். உங்க கவுன்சில்லயும் பழைய வீடு, எதையும் மாத்தக் கூடாதுன்னு உத்தரத்துக்குத்தான பாதுகாப்பு குடுத்திருக்கீங்க, மண்டைக்கா குடுத்திருக்கீங்க? மாடிப்படி அளந்தாச்சுல்ல, உக்காருங்க. அய்ய, அந்த நாற்காலி வேண்டாம், அது சறுக்கி அடுப்புப் பக்கம் போயிரும். தரை அப்பிடி. பட்டாணி உரிக்கறப்ப ஒண்ணு கீழ விழுந்தா நான் தேடவே மாட்டேன். நேரா அந்த மூலைக்குத்தான் போயிருக்கும்.

டீ குடிங்க. எங்க வீட்டுக்காரர் க்ளெமெண்ட் காலைலயே சொல்லிட்டாரு. "ஆலிவ், பழைய வீட்டு ஆபீசர் வர்றாரு. டீ குடு, கேக் குடு. வாய மட்டும் திறக்காத"ன்னு. நான் அப்பிடி என்ன பேசுறேன்? சொல்லுங்க, நீங்க வந்ததுலேருந்து நான் என்ன பேசிட்டேன்?

இப்ப வெளிய ரோஸ் கலர் பாத்தீங்கல்ல? இங்கிலாந்துலயே நம்ம சஃபோக் பக்கம் பழைய வீடுன்னா ரோஸ்தான? போன வருஷம் ஆசையா சுண்ணாம்பு அடிச்சா, உங்க ஆபீஸ்லேருந்து ஒரு அம்மா வந்து "இது தப்பான ரோஸ்"னுட்டாங்க. ரோஸ்ல என்னம்மா தப்பு ரோஸ், சரி ரோஸ்? அந்தக் காலத்துல பன்னி ரத்தம் கலந்து அடிச்சாங்களாமே, எங்க பன்னிகிட்ட வேணா கேட்டுப் பாக்கட்டுமான்னேன். சிரிக்கவே இல்ல அந்த அம்மா. நீங்க சிரிக்கிறீங்க. நல்ல புள்ள.

என்ன சொல்லிட்டிருந்தேன்... ஆங், க்ளெமெண்ட். கிழங்கு தோண்டறப்ப வயல்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு போச்சு. ஆபரேஷன் ஆகி, இந்தா முன் ரூம்ல கெடக்காரு. கதவு திறந்துதான் இருக்கு, எல்லாம் கேட்டுக்கிட்டுதான் இருப்பாரு. நம்ம மாடிப்படி இருக்கே, புகைபோக்கியச் சுத்திச் சுத்தி ஏறுது. பூனையே யோசிச்சுதான் ஏறும். அதனால அவரு கீழ, நான் மேல. கல்யாணம் ஆனதுலேருந்து நாங்க பிரிஞ்சு படுத்ததில்ல தம்பி, பன்னி குட்டி போடுற ராத்திரியத் தவிர. இப்ப அவரு தடியால ரெண்டு தட்டு தட்டுவாரு, குட்நைட்டாம். நானும் மேலேருந்து செருப்பால ரெண்டு தட்டுவேன். அப்புறம் தூக்கமே வராது. அந்த மனுஷன் குறட்டை இல்லாம எனக்கு முடியல. வெக்கத்த விட்டு சொல்றேன்.

மொதல்ல நாங்க கேட்டது, ஆள உக்கார வச்சு தண்டவாளத்துல படியேறுமே, அந்தக் கரண்டு நாற்காலியே இல்ல, தெரியுமா? பின்னால பால் அறை சும்மாதான கெடக்கு, அத குளியலறை ஆக்கிட்டு ரெண்டு பேரும் கீழயே இருந்துக்கலாம்னு நெனச்சோம். அனுமதி வர்ற நேரம். நான் சும்மா இருந்தேனா? குழாய்க்காரங்க வர்றதுக்குள்ள சுத்தம் பண்றேன்னு பழைய சுண்ணாம்பச் சுரண்டினேன். பாத்தா சுவரு பூரா வட்டம் வட்டமா, பூ இதழ் மாதிரி கீறல்! சூனியக்காரி உள்ள வந்து பாலக் கெடுக்காம இருக்கக் கீறினதாம். எனக்குப் பெருமை தாங்கல. எதுத்தாப்புல புது வீட்டு டாஃப்னி இருக்காளே, எப்பப் பாத்தாலும் "எங்க தரை தானா சூடாகும்"னு பீத்திக்குவா. சர்ச் வாசல்ல வச்சு அவகிட்ட கேட்டேன், "ஒன் வீட்டு சுவத்துல என்னடி இருக்கு, வெள்ள பெயிண்ட்டு!"ன்னு.

இல்ல, இல்ல. அவ போட்டுக் குடுக்கல, பாவம். நானேதான் ஊர் சரித்திரச் சங்கத்தக் கூப்பிட்டு, கேக் வெட்டி, வரிசையா நிக்க வச்சுக் காட்டினேன். அவங்க உங்க ஆபீசுக்குச் சொல்லிட்டாங்க. அந்தச் சுவத்துல ஒரு ஆணி கூட அடிக்கக் கூடாதுன்னு உத்தரவு. சூனியக்காரிய நிறுத்தின சுவரு க்ளெமெண்டயும் நிறுத்திருச்சு. தவள தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க?

ஆனா நீங்க தங்கம். படியெல்லாம் பாத்தீங்க, அளந்தீங்க. படி ஒவ்வொண்ணும் ஒரு ஒசரம், அதனால தண்டவாளத்த சுவத்துப் பலகையிலதான் அடிக்கணும்னு நாற்காலிக்காரன் சொன்னதக் கேட்டீங்க. "பிற்காலத்துல அடிச்ச சாதாப் பலகைதான், தாராளமா அடிங்க"ன்னுட்டீங்க. அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு அழுகையே வருது தம்பி. நாற்காலி வந்துட்டா அவரு ராஜா மாதிரி மேல வந்துருவாரு.

அட, கெளம்பிட்டீங்களா? கையெழுத்து ஆபீஸ்ல போய்ப் போடுவீங்களா? சரி, சரி. இவ்வளவு பண்ணியிருக்கீங்க, வெறுங்கையா அனுப்ப மனசு வரல. இங்க வாங்க, ஒண்ணு காட்டுறேன். டாஃப்னிக்குக் கூட காட்டினதில்ல, சத்தியமா. படி திரும்புற எடத்துல அந்தப் பலகை ஆடுது பாருங்க... இப்பிடி இழுத்தா வந்துரும். டார்ச் அடிங்க. தெரியுதா? சிவப்பும் கறுப்புமா மாதுளம்பழம், கொடி, எல... பலகைக்குப் பின்னாடி மேல வரைக்கும் போகுது. எலிசபெத் ராணி காலத்து ஓவியமா இருக்கும். இப்பப் போனாங்களே, அவங்க இல்ல, மொதல் அம்மா. எவ்வளவு அழகு!

என்ன தம்பி? ஏன் முட்டி போட்டுட்டீங்க? எதுக்கு போட்டோ... டேப்ப எதுக்கு மறுபடி எடுக்கறீங்க?

அய்யய்யோ.

தம்பி, பலகைய மூடிரலாம். நீங்க பாக்கல, நான் காட்டல. இன்னொரு துண்டு கேக்... தம்பி, நாற்காலி ஆணிய ஓரமா அடிச்சா...

க்ளெமெண்ட்! என்ன சிரிப்பு அங்க? நான் டீ மட்டும்தான் குடுத்தேன்! தடிய ஏன் தட்டுறீங்க? பட்டப்பகல்ல என்னய்யா குட்நைட்டு?