பித்தப்பச்சை

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் மன்றத் தலைவர் அசோகன் அவர்களே! முன்வரிசையை முழுதும் நிறைத்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாக ஓடிவந்திருக்கும் சைதாப்பேட்டைத் தாய்மார்களே! மாவட்டக் கோப்பையை மண்ணோடும் வியர்வையோடும் தூக்கி வந்த எங்கள் கபடிக் கண்மணிகளே! இந்த மருத்துவர் மஹ்விஷின் மனம் நிறைந்த வணக்கம்.

நான் வீட்டில் பேசுவது உருது. என்னை வளர்த்தது இந்தத் தெருவின் தமிழ். அந்த உரிமையில் இன்று ஒரு சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பிலிவெர்டின்! என்ன அங்கே சிரிப்பு? மாத்திரையின் பெயர் இல்லை ஐயா, பொறுங்கள்!

இறுதிப் போட்டிக்கு முந்தைய நாள். அணித்தலைவி அன்புச்செல்வியை என் கிளினிக்குக்கு இழுத்து வந்தார் அவள் தாய் வேலம்மா. பயிற்சியில் அடிபட்டுக் கருநீலமாய்க் கன்றியிருந்த தொடை, இப்போது பச்சையாகியிருந்தது.

"டாக்டரம்மா, காலு அழுகிப் போவுது. பச்சையா கீது பாரு. என் தம்பிக்கு இப்டித்தான் புண்ணு அழுகி, காலையே எடுத்தாங்க. இவ நாளிக்கு ஆடக்கூடாதுன்னு நீயே சொல்லு."

"வலியே இல்லம்மா! நான் இல்லன்னா டீம் இன்னா ஆவும்?" என்று அழுதாள் மகள்.

மடக்கச் சொன்னேன், நீட்டச் சொன்னேன், குதிக்கச் சொன்னேன். வீக்கமில்லை, வலியில்லை, புண்ணுமில்லை. அந்தத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தோலுக்கு அடியில கசிஞ்ச ரத்தத்தை உடம்பே கரைக்குதும்மா. செவப்பு பச்சையாவும், பச்சை மஞ்சளாவும், அப்புறம் மறைஞ்சிடும். பித்தநீர்லயும் இருக்கிற பச்சை இது. பேரு பிலிவெர்டின். பிலிஸ்னா லத்தீன்ல பித்தம்; வெர்ட்னா பிரெஞ்சுல பச்சை. நம்ம தமிழ்ல பித்தப்பச்சை. காயம் ஆறுதுன்னு உடம்பு சொல்லுது."

வேலம்மா மகளின் தொடையை மெல்லத் தடவினார்.

"அப்போ இது துளிர் உடுற பச்சையா?"

"ஆமாம்மா."

"போடி, போய் ஆடு."

ஆடினாளே! எதிரணியின் கடைசி ரெய்டில், நாம் ஒரே புள்ளி முன்னிலையில் இருக்கையில், அந்தக் காலையே ஊன்றி, பாடி வந்த பெண்ணின் கணுக்காலைக் கவ்விப் பிடித்தாளே! "உடாதடி!" என்று வேலம்மா கத்திய கத்தலில் கூட்டமே எழுந்து நின்றதே! விட்டாளா? விடவில்லை!

பெரியோர்களே! லத்தீனில் பாதி, பிரெஞ்சில் பாதி எடுத்துக் கட்டிய சொல் அது. புத்தகத்திலேயே படுத்துக் கிடந்திருந்தால் யாருக்கு என்ன பயன்? தமிழில் சொன்னேன், ஒரு தாயின் அச்சம் தீர்ந்தது, ஒரு மகளின் கால் களத்தில் நின்றது! எந்த ஊர் அறிவையும் எங்கள் ஊர்த் தாய்க்குப் புரியவைக்கும் என் தமிழ்! அதைப் பேசும் மருத்துவர் என்பதே என் பெரிய பட்டம்!

காது கொடுத்த உங்களுக்கும், நம்பி மகளை அனுப்பிய வேலம்மாவுக்கும் நன்றி. எழுந்து வாருங்கள் வேலம்மா, கோப்பையை முதலில் நீங்கள் தூக்குங்கள்! வணக்கம்!