பேர் சொல்லாமல் கூப்பிட்டவர்

உச்சி வெயில், பன்னிரண்டு மணி. சாந்தோம் தாண்டி, அடையாறு கடலில் விழும் முகத்துவாரத்துக்குப் போகும் மண் பாதை. ஒரு காக்கை இல்லை… ஒரு நாய் இல்லை.

பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இப்போதே மாடியிலிருந்து இறங்கிப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் நெருங்கி உட்காருங்கள். கரண்டு இப்போதைக்கு வராது.

நம்ம இசக்கிமுத்துவின் பெரியப்பாவுக்கு நடந்தது இது. போன வருஷம், எழுபத்திரண்டு மே மாதம். பெரியப்பா பேர் அய்யாதுரை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, தி. நகரில் ஜவுளிக்கடை. மெட்ராஸ் தண்ணீர், மெட்ராஸ் தமிழ், மெட்ராஸ் மனிதர்கள், எதுவும் அவருக்கு மதிப்பில்லை. பேங்க் குமாஸ்தா மாப்பிள்ளை மாணிக்கவாசகத்தைக் கண்டால் எல்லாவற்றையும்விட இளக்காரம். அந்தப் பார்வைக்குத் தப்பிய ஒரே ஜீவன் மகள் புஷ்பம். கல்யாணத்துக்குப் பிறகும் தினம் மத்தியானம் அவள் சாப்பாட்டுக் கேரியரோடு கடைக்கு வந்து, கல்லாவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

மாப்பிள்ளை ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையில் படம் பார்த்துவிட்டார். தீவு, நீலக் கடல், மிதவையில் படுத்து மிதக்கும் வெள்ளைக்காரர்கள்.

"நமக்கும் முகத்துவாரத்துல ஒரு மணல் திட்டு இருக்கே மாமா. லீவு நாள்ல போய்த் தண்ணியில விளையாடலாமே."

"வெள்ளைக்காரன் குளிச்சதே அதிசயம்னு படம் புடிச்சுப் போட்டிருக்கான். அத வாயப் பொளந்து பாக்கியளா மாப்ளே?"

ஆனால் புஷ்பம் ஆசைப்பட்டாள். அய்யாதுரை கிளம்பினார்.

திட்டுக்குப் போகும் படகு முத்தம்மாவுடையது. வாய் நிறைய வெற்றிலை. ஏறும்முன் ஒவ்வொருவரிடமும் பேர் கேட்டாள்.

"எதுக்கு? ரேசன் கார்டு எழுதப் போறியோ?" என்றார் அய்யாதுரை.

"சொன்னா ஏறு நைனா. இல்லாங்காட்டி நீந்திக்கினு போ."

திட்டில் நல்ல கொண்டாட்டம்தான். புஷ்பம் முழங்கால் தண்ணீரில் ஓடினாள், விழுந்தாள், எழுந்து புருஷன் முகத்தில் வாரி இறைத்தாள். மாப்பிள்ளை லாரி டியூபுக்குள் இடுப்பை நுழைத்துக்கொண்டு மிதந்தார்.

"வடையச் சாம்பார்ல ஊறப்போட்ட மாதிரியே இருக்கு," என்றார் மாமனார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கணுக்கால் மட்டும் நனைத்தார். "தாமிரபரணியில முங்குனவனுக்கு இது சாக்கடை."

அப்படிச் சொன்னாலும் மகள் சிரிக்கும்போதெல்லாம் அவர் முகம் அவள் பக்கமே திரும்பியது.

தண்ணீர் ஏற ஆரம்பித்தது. முத்தம்மா படகில் நின்று குரல் கொடுத்தாள். "புஷ்பம்… வா!" அவள் வந்து ஏறிய பிறகுதான் அடுத்தது. "மாணிக்கவாசகம்… வா!"

அய்யாதுரைக்குச் சிரிப்பு வந்தது. "இப்படிக் கூப்பிட்டா எவன் வருவான்? யாவாரி எப்படிக் கூப்பிடுவான்னு பாரு."

கடை வாசலில் நிற்கிற மாதிரியே தண்ணீரைப் பார்த்துக் கைகுவித்தார்.

"வாங்க, வாங்க! எல்லாரும் உள்ள வாங்க! சும்மா பாத்துட்டுப் போங்க!"

காற்று நின்றது. சேற்று வாடை… அதற்குள் மக்கிய துணியின் வாடை. முத்தம்மாவின் வாயிலிருந்து வெற்றிலைச் சாறு வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"இன்னா நைனா பண்ணிட்ட? இங்க முழுகினவங்கோ எத்தினியோ பேரு. பேரு சொல்லாம கூப்ட்டா அல்லாருக்கும்தான அது?"

"வரட்டுமே. ஆளுக்கொரு வேட்டி விக்கிறேன்."

அவர் ஏறினார். படகு அசைந்தது… மறுபடி அசைந்தது… அசைந்துகொண்டே இருந்தது. கிளம்பியபோது தண்ணீர் விளிம்பை நக்கிக்கொண்டிருந்தது.

"வர்றப்போ இந்த கனம் இல்லியே," என்றாள் முத்தம்மா, கழியை ஊன்ற முடியாமல்.

"மாப்ளை தயிர்சாதம் முழுசையும் முடிச்சுட்டாருல்லா?"

மறுநாள் கடை திறந்தபோது, வாடிக்கைக்காரர்கள் உட்கார விரித்திருந்த வெள்ளை விரிப்பு சொதசொதவென்று நனைந்திருந்தது. கடையில் வேலை பார்த்த இசக்கிமுத்து பிழிந்தான். சேற்றுத் தண்ணீர். ஒரு சொட்டு உதட்டில் பட்டது. உப்பு.

கல்யாண ஜவுளிக்கு ஒரு குடும்பம் வந்தது. வாசலிலேயே நின்றுவிட்டது.

"அம்மாடி, இன்னா கூட்டம்! நிக்கக்கூட எடமில்ல. அப்பாலிக்கா வரோம்."

உள்ளே அய்யாதுரை, இசக்கிமுத்து, துணி பீரோக்கள். வேறு யாருமில்லை.

அந்த வாரம் முழுக்க வந்தவர்கள் எல்லாரும் அதையே சொல்லிவிட்டுப் போனார்கள். அய்யாதுரை எல்லாரையும் திட்டினார். "பாண்டி பஜார்ல பாதிப் பேருக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு."

பிறகு ஒரு மத்தியானம், சோறு போட்டுக்கொண்டே புஷ்பம் சொன்னாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கப்பா. பாவம், அவங்க நின்னுக்கிட்டே இருக்காங்க."

அன்றைக்குத்தான் அவருக்குச் சோறு இறங்கவில்லை. விடிந்ததும் முத்தம்மாவிடம் போனார்.

"வந்தவங்கள ஒவ்வொருத்தரா பேரு சொல்லி அனுப்பணும். தெரியுமா உனுக்கு?" என்றாள் அவள்.

"செத்தவன் பேரெல்லாம் நான் எங்கே போய் விசாரிக்க?"

"அப்ப கடைய பூட்டிக்கினு ஊருக்குப் போ. வாய மட்டும் தொறக்காத."

திரும்பி வரும் வழியெல்லாம் அவருக்கு எரிந்தது. படகுக்காரியிடம் போய் யோசனை கேட்டோமே! கூப்பிட்ட வாய்க்கு விரட்டத் தெரியாதா?

உச்சி வெயிலில் கடைக்கு வந்தார். கல்லாவில் புஷ்பம் கேரியரைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. வாசற்படியில் நின்றபடியே கத்தினார்.

"கடை சாத்தியாச்சு! போங்க! எல்லாரும் போங்க! ஒருத்தர் உள்ள இருக்கக் கூடாது!"

இசக்கிமுத்து அப்போது எதிர்வரிசையில் வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்தான். அவன் வெளியே இருந்ததால்தான் நமக்கு இந்தக் கதை. அவன் பார்த்தது இவ்வளவுதான். கடைப்படியில் ஈரப் பாதங்கள் ஒவ்வொன்றாக இறங்கின… கொதிக்கிற ரோட்டில் பதிந்து, ஆவியாகி, கிழக்கே போயின. பெரிய பாதம், சின்னப் பாதம், விரல் இல்லாத ஒரு பாதம்… எல்லாவற்றுக்கும் கடைசியில் மெட்டிச் சத்தம். க்ளிங்… க்ளிங்… க்ளிங்.

உள்ளே கேரியர் பிரித்தபடி இருந்தது. சோற்றில் ஆவி. படியோரம் புஷ்பத்தின் செருப்பு.

தேடாத இடமில்லை. மாப்பிள்ளை அழுதபோது அய்யாதுரை முதல் தடவையாக அவரைக் கேலி செய்யவில்லை.

கடை மூடிக் கிடக்கிறது. தினம் உச்சி வெயிலில் அய்யாதுரை முகத்துவாரத்துக்குப் போகிறார். முழங்கால் தண்ணீரில் நின்று கூப்பிடுகிறார். இப்போது பேர் சொல்லித்தான். "புஷ்பம்… வா." அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை கிடையாது.

போன மாதம் இசக்கிமுத்து துணைக்குப் போயிருந்தான். அன்றைக்குப் பதில் வந்ததாம்.

புஷ்பத்தின் குரலேதான். நல்ல உற்சாகமாக, கடை வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரி, தண்ணீருக்கு அடியிலிருந்து. அப்பா என்று சொல்லவில்லை. யார் பேரையும் சொல்லவில்லை.

"வாங்க… வாங்க… எல்லாரும் உள்ள வாங்க."